ரங்கூன் வீடும் எண்ணூர்க் கரையும்

எண்ணூரில் பர்மா நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. வடசென்னையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது ஒரு முகவரி மட்டுமே. ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டாலும் விடை சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் வங்கக் கடலின் மறுகரையில் விட்டு வந்த வீடுகள் இருக்கின்றன. அவ்வீடுகளின் கூடத்தில் தொழுத பாட்டனார்களும், அவற்றின் அடுப்படியில் நோன்புக் கஞ்சி காய்ச்சிய பாட்டிமார்களும், அந்நாட்டு மண்ணில் அடக்கப்பட்ட குழந்தைகளும் இருக்கிறார்கள்.

விட்டு வந்த வீட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பிச் செல்ல வேண்டும் என்பது மனித இயல்பு. பர்மாவிலிருந்து வந்த நம் முன்னோரில் மிகப் பலருக்கு அந்த ஆசை நிறைவேறாமலேயே ஆயுள் முடிந்தது. அவர்களுடைய வரலாற்றை நினைவுகூர்வதும், வீட்டை இழந்தவர் தம் அன்புக்குரியவர்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து அறிந்துகொள்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த வாழ்வு

ஆங்கிலேயர் 1852இல் ரங்கூனைக் கைப்பற்றினர். 1885இல் மாந்தலேயும் வீழ்ந்து, பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாயிற்று. 1937வரை அந்நிலை நீடித்தது. ஆகவே சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலேறி ரங்கூனுக்குப் போனவர் வெளிநாட்டுக்குப் போவதாக எண்ணவில்லை. நெல் வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் கூலி வேலைக்குப் போனவர்கள் ஒரு பக்கம். வட்டித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் போனவர்கள் மறுபக்கம். தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்களில் பர்மாவுக்குப் பயணம் போகாத குடும்பத்தைக் காண்பது அரிதாக இருந்த காலம் அது.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரில் ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். பர்மா முழுவதிலும் இந்தியர் தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழ் முஸ்லிம்களை அங்கே சோழியாக்கள் என்று அழைத்தனர். அவர்கள் எழுப்பிய சோழியா பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. அதையடுத்துப் பரபரப்பான கடைத்தெருக்கள். மொகல் தெரு என்ற பெயரை அறியாத பர்மா வணிகர் இலர்.

அவர்கள் அந்நாட்டின் பொதுவாழ்விலும் பங்கு கொண்டனர். ரங்கூனில் பத்திரிகையாளராக விளங்கிய கரீம் கனி, நேதாஜி சுபாஷ் சந்திர போசின் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த அப்துல் ரஸாக், பர்மியத் தலைவர் ஆங் சானின் அமைச்சரவையில் இடம்பெற்று, 1947 ஜூலை 19 அன்று அவரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். பர்மியர் இன்றும் நினைவுகூரும் அந்நாட்டுத் தியாகிகளுள் அவர் ஒருவர்.

இருமுறை இழந்த வீடு

முதல் இழப்பு போரினால் வந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. அதைத் தொடர்ந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் வீட்டைப் பூட்டிவிட்டும் பூட்டாமலும் இந்தியாவை நோக்கி நடந்தனர். ஒரு கூட்டம் அரக்கான் மலைகளைக் கடந்தது. மற்றொரு கூட்டம் தாமு வழியாக மணிப்பூரை அடைந்தது. மழையும் மலேரியாவும் காலராவும் பசியும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. வழியில் மரித்தோர் பலருக்குக் குளிப்பாட்டவும் கஃபனிடவும் ஜனாஸா தொழவும் ஆளில்லை. பர்மா நடைப்பயணம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி நிறுத்திக்கொண்டதன் பொருள் இதுவே.

போர் ஓய்ந்தபின் பலர் மீண்டும் கப்பலேறினர். பூட்டிய கடையைத் திறந்தனர். சிதைந்த வீட்டைச் செப்பனிட்டனர். 1948 ஜனவரி 4 அன்று பர்மா சுதந்திரம் பெற்றது. இனி இதுவே நம் ஊர் என்று அவர்கள் நம்பினர்.

இரண்டாம் இழப்பு சட்டத்தினால் வந்தது. 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள் பறிபோயின. அதே ஆண்டு மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையென அறிவிக்கப்பட்டன. வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம் ஒரே அறிவிப்பில் வெறுந்தாளாயிற்று. கப்பலேறும்போது நகையும் பணமும் எடுத்துச்செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. சில துணிகளும் பாத்திரங்களும் வீட்டுச் சாவியுமாக மக்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் இவ்வாறு 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். எல்லாச் சமயத்தவரும் அவர்களுள் இருந்தனர். நம் சமுதாயத்தவரும் இருந்தனர். அரசு அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று குறித்தது. ஆனால் ரங்கூனிலோ மாந்தலேயிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எது தாயகம்? அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை, முதன்முறையாக வந்தது.

வியாசர்பாடியிலும் செங்குன்றத்திலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் உருவாயின. துறைமுகத்துக்கு எதிரே நடைபாதையில் போட்ட கடைகள் பர்மா பஜார் ஆயின. அத்தோவும் மொய்ங்காவும் பாரிமுனையின் மாலை உணவாயின. வாழைத்தண்டு மிதக்கும் அந்த மொய்ங்காவை இன்று சுவைத்து உண்போர், அது வீடிழந்தவர்களின் கையிலிருந்து வந்தது என்பதை நினைப்பதில்லை.

நடந்தே திரும்ப முயன்றவர்கள்

வந்தவர்களில் ஒரு சாராருக்குத் தமிழ்நாட்டு வாழ்வு ஒட்டவில்லை. முகாமின் நெருக்கடியும் வேலையின்மையும் ஒரு காரணம்; அங்கே விட்டு வந்த உறவுகள் மற்றொரு காரணம். இந்திய முஸ்லிம் தந்தையர்க்கும் பர்மியத் தாய்மார்க்கும் பிறந்தவர்களை ஜெர்பாதி என்று அந்நாட்டில் அழைப்பர். அத்தகைய குடும்பங்கள் பல இரண்டாகப் பிளந்தன. கணவர் இங்கே, மனைவி அங்கே. அண்ணன் இங்கே, தங்கை அங்கே.

ஆகவே 1960களில் சிலர் மீண்டும் பர்மாவுக்கே புறப்பட்டனர். கப்பலுக்கு வழியில்லை. ரயிலேறி வடகிழக்குக்குச் சென்று, மணிப்பூர் மலைகளைத் தாண்டி, தாமு எல்லையை அடைந்தனர். 1942இல் எந்த வழியாக அகதிகள் உயிர் தப்பி வந்தார்களோ அதே வழியாக இவர்கள் வீடு தேடிப் போனார்கள். எல்லையில் பர்மியக் காவலர் அவர்களைத் திருப்பி அனுப்பினர். மீண்டும் சென்னைக்கு வரவும் மனமின்றி, எல்லையின் இந்தியப் பக்கத்திலுள்ள மோரே என்னும் சிற்றூரிலேயே அவர்கள் தங்கிவிட்டனர். அங்கே ஒரு தமிழ்ச் சமுதாயம் வளர்ந்தது; கோயிலும் பள்ளிவாசலும் எழுந்தன. வீட்டுக்குத் திரும்பவும் இயலாமல், அதை மறந்து விலகவும் இயலாமல், அது இருக்கும் நாட்டின் வாசற்படியிலேயே குடியிருந்த மக்கள் அவர்கள்.

இந்த ஏக்கம் ஈமானின் குறைவா? இல்லை. அல்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 66ஆம் வசனம், உயிரைக் கொடுப்பதையும் வீட்டை விட்டு வெளியேறுவதையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. மனிதருக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ நிகரான சோதனைகள் என்பதை இதிலிருந்து உணரலாம். வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழை முஹாஜிர்களை அல்ஹஷ்ர் அத்தியாயம் சிறப்பித்துக் கூறுகிறது. வீட்டை இழந்தவரின் துயரத்தை மார்க்கம் சிறிதாக எண்ணவில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பிய இரு வீடுகள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு வயதுச் சிறுவராக இருந்தபோது அன்னை ஆமினா அவர்கள் தம் மகனை யத்ரிபுக்கு அழைத்துச் சென்றார். பனூ அதீ இப்னு நஜ்ஜார் குலத்தார் நாயகத்தின் பாட்டனாருடைய தாய்வழி உறவினர். அங்கே ஒரு மாத காலம் தங்கினார்கள். திரும்பும் வழியில் அப்வா என்னுமிடத்தில் அன்னையார் காலமானார்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து, ஹிஜ்ரத்துக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் அதே ஊரில் வாழ வந்தார்கள். அவ்விடத்தைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று இப்னு ஸஅத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கோட்டை வீட்டருகே தாம் விளையாடியதையும், உடன் விளையாடிய அன்ஸாரிச் சிறுமியின் பெயரையும், அக்குலத்தாரின் நீர்நிலையில் தாம் நீச்சல் கற்றதையும் நினைவுகூர்ந்தார்கள். தம் அன்னை தங்கியிருந்த வீட்டைச் சுட்டிக்காட்டி, தம் தந்தை அப்துல்லாஹ் அடங்கியிருப்பதும் அங்கேதான் என்றார்கள். ஒரு சமுதாயத்தையே தாங்கி நின்ற தலைவர், தாயின் நினைவை மறைத்துக்கொள்ளவில்லை. தோழர்களின் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னார்கள்.

இரண்டாவது வீடு மக்காவில் இருந்தது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ரமளானில், கிறித்தவ ஆண்டுக் கணக்கில் 630 ஜனவரியில், நாயகம் (ஸல்) அவர்கள் வெற்றியோடு மக்காவுக்குள் நுழைந்தார்கள். எங்கே தங்கப் போகிறீர்கள், உங்கள் வீட்டிலா என்று உஸாமா இப்னு ஸைத் (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைக்கவில்லையே என்னும் பொருள்பட நாயகம் பதிலளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அபூதாலிபின் சொத்துக்கு அகீலும் தாலிபும் வாரிசாயினர்; இஸ்லாத்தை ஏற்றிருந்த அலீ (ரலி), ஜஅஃபர் (ரலி) இருவரும் வாரிசாகவில்லை. வீடுகள் கைமாறிப் போயிருந்தன.

நகரம் முழுவதும் தம் கைக்கு வந்த நாளில் அந்த வீட்டை மீட்க ஒரு சொல் போதுமாயிருந்தது. அச்சொல்லை அவர்கள் சொல்லவில்லை. அல்ஹஜூன் பகுதியில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் மண்ணும் அங்கேயே உள்ளது.

ஜஹ்ஷின் மக்களுடைய வீட்டை அபூஸுஃப்யான் விற்றுவிட்டிருந்தார். அவர்களுள் அபூ அஹ்மத் (ரலி) வெற்றி நாளில் அதைப் பற்றி முறையிட்டபோது நாயகம் உடனே விடையளிக்கவில்லை. இறைவனுக்காக இழந்ததை மீண்டும் கேட்பதை நாயகம் விரும்பவில்லை என்று தோழர்கள் அவருக்கு எடுத்துரைத்ததாக இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு கூறுகிறது. இதைக் கொண்டு, அநியாயமாகப் பறிக்கப்பட்ட சொத்தைச் சட்டப்படி கோருவது தவறு என்று முடிவு செய்துவிடக் கூடாது. அது உரியவரின் உரிமை. ஆனால் மீட்க இயலாமல் போன வீட்டைக் குறித்து உள்ளம் உடைந்து கிடப்போருக்கு இந்நிகழ்ச்சி பெரும் ஆறுதல். பிறந்த ஊரிலேயே தமக்கென ஒரு கூரை இல்லாத நிலையில் நம் நாயகமும் ஓர் இரவைக் கழித்திருக்கிறார்கள்.

வீடு போயிற்று, கடமை போகவில்லை

வீட்டைக் கேட்காத நாயகம் (ஸல்) அவர்கள், அவ்வீட்டில் வாழ்ந்தவர்களை ஒருநாளும் மறக்கவில்லை. ஆடு அறுத்தால் அன்னை கதீஜாவின் தோழியருக்கு ஒரு பங்கு அனுப்புவார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பத்ருப் போரில் சிறைப்பட்ட மருமகன் அபுல் ஆஸை மீட்க, மகள் ஸைனப் (ரலி) ஒரு கழுத்தணியை அனுப்பினார். அது அன்னை கதீஜா தம் மகளுக்குத் திருமணத்தின்போது அணிவித்தது. அதைக் கண்டதும் நாயகத்தின் உள்ளம் இளகியது. தோழர்களின் இசைவைக் கேட்டு அணியையும் திருப்பி அனுப்பிக் கைதியையும் விடுவித்தார்கள். ஒருவர் தம் தந்தைக்குச் செய்யும் நன்மைகளில் மிகச் சிறந்தது, தந்தையின் நண்பர்களோடு உறவு பேணுவது என்றும் அவர்கள் கற்பித்ததாக முஸ்லிம் நூலில் உள்ளது.

இங்கேதான் பர்மா வழித்தோன்றல்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. ரங்கூன் வீட்டின் மாடிப்படியையும் தேக்குத் தூணையும் பற்றி நாம் பல முறை கேட்டிருக்கிறோம். அந்த வீட்டில் வேலை செய்தவர் யார், அடுத்த வீட்டில் இருந்தவர் யார், பாட்டனார் யாரிடம் கடன் வாங்கியிருந்தார், அங்கேயே தங்கிவிட்ட உறவினரின் பிள்ளைகள் எங்கே என்று கேட்டோமா? சிலருடைய குடும்பங்களில் பர்மியப் பாட்டி ஒருவர் இருந்தார் என்பதே தாழ்ந்த குரலில் சொல்லப்படும் செய்தியாகிவிட்டது. அவரும் நம் இரத்தம். இரத்த உறவைத் துண்டிக்காதீர் என்ற கட்டளைக்குக் கடல் ஒரு விலக்கு அன்று.

இன்று ரங்கூனின் பெயர் யாங்கோன். மொகல் தெரு ஷ்வே போந்தா தெரு ஆகிவிட்டது. அண்மைக் காலங்களில் போய்வர வாய்த்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். தெருவின் பெயர் மாறி, கட்டடமும் மாறியிருக்கும் இடத்தில் வீட்டைத் தேடுவது எளிதன்று. ஆனால் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. டெல்லிக்குத் திரும்ப இயலாமலே 1862இல் ரங்கூனில் மறைந்த பேரரசர் பகதூர் ஷா ஸஃபரின் அடக்கத்தலமும் இருக்கிறது. அடையாளமின்றி மண்மூடிக் கிடந்த அவருடைய கப்று 1991இல்தான் கண்டறியப்பட்டது. கப்று எங்கே என்று எவருக்கும் தெரியாதிருந்த ஆண்டுகளிலும் அவருக்காக துஆ செய்தவர்கள் இருந்தார்கள். இடம் தெரியாததால் துஆ வழி தவறிப்போவதில்லை. தாமு வழியில் கஃபனின்றிக் கிடந்த நம் முன்னோருக்கும் இதுவே பொருந்தும்.

2025 மார்ச் 28 அன்று, ரமளானின் கடைசி ஜும்ஆ நாளில், மாந்தலேயையும் ஸகாயிங்கையும் நிலநடுக்கம் உலுக்கியது. பள்ளிவாசல்கள் பல இடிந்து, தொழ வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். அச்செய்தியைப் படித்தபோது, இதில் நம் உறவினர் யாரேனும் உண்டா என்று கேட்டறியும் நிலையில் நம்முள் எத்தனை குடும்பங்கள் இருந்தன? தொடர்பு அறுந்துபோனதன் வலி அன்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணூர் வீட்டையும் எண்ணிப் பார்ப்போம்

மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகியோர் காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் தணியும் நேரங்களில் பிலால் அவர்கள் மக்காவின் புல்லையும் நீரையும் மலைகளையும் பெயர் சொல்லி ஏங்கினார்கள். அதையறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் ஏங்காதீர் என்று கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பதைப் போலவோ அதைவிட அதிகமாகவோ மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்கு என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய வீட்டின் மீதுள்ள அன்பு, புதிய வீட்டை நேசிக்கத் தடையாக வேண்டியதில்லை.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு எண்ணூர் அத்தகைய புதிய வீடாயிற்று. மோட்டார் வாகனத் தொழிற்சாலை முன்னரே இருந்தது. 1970இல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் துறைமுகம் வந்தது. அதே தொழில்கள் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைச் சாம்பலாலும் எண்ணெயாலும் நிறைத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிய, பர்மா நகர் உள்ளிட்ட குடியிருப்புகளின் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர். பாட்டனார் 1942இல் ஓடினார்; பேரன் 2023இல் ஓடினார்.

கடற்கரையோரமாக அலை வீடுகளைத் தின்கிறது. படித்த பிள்ளைகள் தென்சென்னைக்கும் வளைகுடாவுக்கும் குடிபெயர்கிறார்கள். இன்னும் முப்பதாண்டு கழித்து எண்ணூர் வீட்டைப் பார்க்கத் திரும்பும் பேரப்பிள்ளைக்கு எதைக் காட்டப் போகிறோம்? ரங்கூன் வீட்டுக்கு நேர்ந்த மறதி எண்ணூர் வீட்டுக்கும் நேர வேண்டுமா?

செய்யக் கூடியவை எளியவை. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் அமர்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிவைப்போம்: பாட்டனார், அவர் தந்தை, பிறந்த ஊர், ரங்கூனில் வாழ்ந்த தெரு, தொழுத பள்ளிவாசல், அடக்கப்பட்ட மையவாடி. அலமாரியில் மடங்கிக் கிடக்கும் பழைய கப்பல் சீட்டையும் குடும்ப அட்டையையும் படமெடுத்துப் பாதுகாப்போம். தீர்க்கப்படாத கடன் தெரியவந்தால் தீர்க்க முயல்வோம். உரியவரைக் கண்டறிய இயலவில்லையெனில் ஆலிம்களிடம் வழி கேட்போம். அங்கே எஞ்சியிருக்கும் உறவினரைத் தேடுவோம். ஒருவர் கிடைத்தாலும் ஸலாம் சொல்வோம். பர்மாவிலிருந்து ஒன்றாக வந்த அண்டை வீட்டார், எந்தச் சமயத்தவராயினும், நம் பெற்றோரின் நண்பர்கள். அவர்களை நலம் விசாரிப்போம். பெருநாள் பிரியாணியில் ஒரு பங்கு அவ்வீட்டுக்கும் போகட்டும்.

சுவரும் கூரையும் பிறர் கைக்குப் போகலாம், கடலுக்கும் போகலாம். அவ்வீட்டில் நம்மை வளர்த்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை எவரும் பறிமுதல் செய்ய இயலாது. அதைத் தீர்க்க ரங்கூனுக்குப் போகவும் வேண்டியதில்லை. எண்ணூர்க் கரையில் நின்று, வடகிழக்கே விரியும் கடலைப் பார்த்துக் கையேந்தினாலும் போதும்.

யா அல்லாஹ்! கடல் கடந்த மண்ணிலும், மலைப்பாதைகளிலும், பெயர் தெரியாத இடங்களிலும் துயிலும் எங்கள் முன்னோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக! இவ்வுலகில் வீடிழந்தவர்களுக்கு, எவராலும் வெளியேற்றப்படாத வீட்டைச் சுவனத்தில் தந்தருள்வாயாக! ஆமீன்.